மூன்று கப்பில் எது வேறு

என் கணவருக்கும் எனக்கும் கல்யாணமான நாளிலிருந்து ஒரே சண்டை. இனிப்பு சர்க்கரையில் இருக்கிறதா, நாக்கில் இருக்கிறதா என்பதுதான் அது. மற்ற வீடுகளில் மாமியாரைப் பற்றியும் செலவைப் பற்றியும் சண்டை போடுவார்கள். எங்கள் வீட்டில் சண்டைக்குக்கூட ஒரு படிப்பு வேண்டியிருந்தது.

அவர் கல்லூரியில் தத்துவம் நடத்துகிறவர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'சந்தேகம் சார்'. பிறக்கும்போது மனசு எழுதாத தாள், கண் காது மூக்கு நாக்கு தோல் என்ற ஐந்து வாசல் வழியாக வருவதைத் தவிர வேறு எதுவும் அதில் ஏறாது என்பார். அதுவரை எனக்கும் சம்மதம். அதற்குப் பிறகுதான் வில்லங்கம் ஆரம்பிக்கும். வாசலுக்கு வந்து சேர்வது பொருள் அல்ல, பொருளைப் பற்றிய சேதி மட்டும்தான், பொருள் தன்னளவில் எப்படி இருக்கிறதென்று எவனும் பார்த்ததில்லை என்பார்.

"இனிப்புங்கறது சர்க்கரைல இல்ல. அது நாக்குல பட்டதும் நமக்குள்ள நடக்கற சமாச்சாரம். நாக்கே இல்லாத உலகத்துல சர்க்கரை வெறும் வெள்ளைப் பொடி."

"வெள்ளையும் கண்ணுலதானே இருக்கு? அப்ப வெறும் பொடின்னு சொல்லுங்க."

"சபாஷ்!" என்று தொடையைத் தட்டிக்கொண்டு சிரிப்பார். அந்த சபாஷுக்காகவே நான் பல நாள் வேண்டுமென்று வாயைக் கொடுத்திருக்கிறேன். ஆனால் விட்டுக்கொடுத்ததில்லை. சர்க்கரையில் இனிப்பு இல்லை என்றால் தேயிலையில் மணம் இல்லை. தேயிலையில் மணம் இல்லை என்றால் நான் தினமும் வேலைக்குப் போவதே ஏமாற்று வேலை.

நான் ஒரு தேயிலைக் கம்பெனியில் ருசி பார்க்கிறவள். கேட்க ராணி உத்தியோகம் மாதிரி இருக்கும். உண்மையில் காலை முழுக்க நின்றபடி உறிஞ்சித் துப்புகிற வேலை. நீள மேஜை, அதன் மேல் கைப்பிடி இல்லாத வெள்ளைக் கப்கள், வெயில் விழாத பக்கத்து ஜன்னலிலிருந்து ஒரே மாதிரியான வெளிச்சம். ஒவ்வொரு கப்பிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்து, காற்றும் சேர்ந்து மூக்கின் பின்பக்கம் ஏறும்படி சர்ரென்று உறிஞ்ச வேண்டும். விருந்தாளியாகப் போன இடத்தில் அப்படி உறிஞ்சினால் மறுபடி கூப்பிட மாட்டார்கள். உறிஞ்சியதும், கூடவே நகர்த்திக்கொண்டு வரும் உயரமான தொட்டியில் துப்பிவிட வேண்டும். விழுங்க ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் நாக்கு மரத்துவிடும். வேலையில் நான் ஒரு மிடறுகூட விழுங்கியது கிடையாது. விழுங்குவது வீட்டில் மட்டும். சாயங்காலம் அவர் போட்டுத் தரும் ஒரு கப். அதற்கான தூளை நானே பொறுக்கி எடுத்து வீட்டு டப்பாவில் நிரப்பி வைப்பேன்.

எங்கள் கலவை போன வருஷம் இருந்த ருசியிலேயே இந்த வருஷமும் இருக்க வேண்டும். மழை மாறும், மண் மாறும், காயவைக்கிற ஆள் மாறுவான். ருசி மட்டும் மாறக் கூடாது. ஒத்துப்போகிறது என்று நான் சொன்னால்தான் மூட்டை கிடங்கைத் தாண்டும். அதனால் கம்பெனியில் எனக்குப் பெயர் 'பெரிய நாக்கு'. எனக்கு அடுத்தபடி ருசி பார்க்கிறவர் 'சின்ன நாக்கு'. வயதில் என்னைவிடக் கொஞ்சம்தான் இளையவர், அதிர்ந்து பேசாத ஆள். என்னை அக்கா என்பார். வாசனைச் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு யாராவது ருசி அறைக்குள் நுழைந்தால் நான் கத்துவேன், அவர் பேசாமல் கதவைத் திறந்து காட்டுவார். இப்படி எத்தனையோ வருஷம் ஒரே மேஜையில் நின்றிருக்கிறோம்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தூளில் ஏதாவது மாறிவிட்டதோ என்று தோன்றினால் மூன்று கப் வைப்போம். இரண்டில் ஒரே டீ, ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். விடை, வைத்தவருக்கு மட்டும்தான் தெரியும். வெளியாளை நிறுத்தினால் குடித்துப் பார்த்துவிட்டு "எல்லாம் ஒண்ணாதானே இருக்கு" என்று கையை விரித்துவிடுவான். எங்களுக்கு அந்தப் பேச்சே கிடையாது. மூன்று கப் என்றால் ஒன்று வேறு. கண்டுபிடிப்பதுதான் வேலை.

மழைக்காலத்தில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. நாக்கு செத்துப்போயிற்று. காய்ச்சலில் யாருக்குத்தான் நாக்கு சாகவில்லை? ஆனால் மற்றவர்களுக்குச் சாப்பாடு மட்டும்தான் சப்பென்று ஆகும், எனக்குப் பிழைப்பே சப்பென்று ஆகிவிடும். படுத்துக்கொண்டே பயந்தேன். உப்பு முதலில் திரும்பி வந்தது. பிறகு இனிப்பு, பிறகு கசப்பு. வேலைக்குத் திரும்பிய கொஞ்ச நாளில் ஒரு காலை, கப்பைக் குனிந்து முகர்ந்தபோது பழைய மணம் அப்படியே மேலே எழும்பி வந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். சின்ன நாக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அழுவதைப் பார்க்கக் கூடாது என்று மரியாதைக்குத் திரும்பினார் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு அவர் மூன்று கப்பை அடிக்கடி வைக்க ஆரம்பித்தார்.

"காயவைக்கற மெஷின் புதுசா வந்திருக்குக்கா. சூடு ஒரே மாதிரி இருக்கான்னு பார்க்கணுமாம்."

நான் உறிஞ்சினேன், துப்பினேன், திரும்ப வந்து இன்னொரு முறை உறிஞ்சினேன். "நடுவுல இருக்கறது. லேசா புகை அடிக்குது. சூடு கூடிப்போச்சு, மெஷின்காரன்கிட்ட சொல்லு."

"சரிக்கா."

மறுநாள் ஓரத்துக் கப்பில் பச்சை வாடை. அதற்கு மறுநாள் முதல் கப், ஈரச் சாக்கில் வைத்த தூள் மாதிரி. ஒரு தடவைகூட நான் தடுமாறவில்லை. அவரும் ஒரு தடவைகூடத் தப்பென்று சொல்லவில்லை. கப் கழுவுகிற அம்மா கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். பெரிய நாக்கு திரும்பி வந்துவிட்டது என்று அவருக்கும் சந்தோஷம்போல என்று எண்ணிக்கொண்டேன்.

வீட்டிலும் அப்போது ஒரு அதிசயம் நடந்தது. என் வேலையைப் பற்றி வருஷக்கணக்கில் "ம்" கொட்டிக்கொண்டிருந்த மனுஷர், பக்கத்தில் வந்து உட்கார்ந்து கதை கேட்க ஆரம்பித்தார்.

"இன்னைக்கு எந்த கப்? எப்படித் தெரிஞ்சுது? நாக்குல தெரிஞ்சுதா, மூக்குலயா? பார்த்த உடனேவா, ரெண்டாவது தடவையா?"

நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். கைகளை ஆட்டி, உறிஞ்சிக் காட்டி, பச்சை வாடைக்கும் புகை வாடைக்கும் உள்ள தூரத்தை அளந்து சொன்னேன். அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டார். நடுவே எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்து தருவார். "இது எப்படி இருக்கு?" என்பார். "என் தூளாச்சே, கேக்கணுமா?" என்று விழுங்குவேன். புதிதாகக் கல்யாணமானவர்கள் மாதிரி இருந்தது. இந்த வயதில் இப்படி ஒரு வசந்தமா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

ஒரு நாள் காலை அவர் மூக்குக்கண்ணாடியை மேஜையிலேயே விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போய்விட்டார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு எதிரே நிற்கிற யானையும் சந்தேகத்துக்குரியதுதான். போகிற வழியில் கொடுத்துவிடலாம் என்று எடுத்துக்கொண்டு போனேன். அவருடைய வகுப்பு மாடிக் கோடியில் இருந்தது. கதவு பாதி சாத்தியிருந்தது. பாடம் நடக்கும்போது நுழைய வேண்டாமே என்று வராந்தாவில் நின்றேன்.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க," என்று அவர் குரல் வந்தது. "ருசி பார்க்கறதே தொழில். அதுல அவங்கள அடிச்சுக்க ஆள் கிடையாது. ஒரு காய்ச்சல்ல மோப்பம் சுத்தமா போயிடுச்சு. வேடிக்கை என்னன்னா, போனது அவங்களுக்கே தெரியாது. சரின்னு அவங்க முன்னாடி மூணு கப் டீ வெச்சோம். ஒண்ணு மட்டும் வேற, கண்டுபிடிங்கன்னு. ஆனா மூணுலயும் ஒரே டீ. என்ன சொல்லியிருப்பாங்க?"

"எல்லாம் ஒண்ணுதான்னு, சார்."

"அதுதான் இல்ல! நடு கப்ல புகை அடிக்குதுன்னாங்க. மறுநாள் ஓரத்துக் கப்ல பச்சை வாடைன்னாங்க." வகுப்பு சிரித்தது. அவர் சிரிப்பு அடங்கும்வரை நின்று, பிறகு குரலைத் தாழ்த்தினார். அந்த வித்தை எனக்குத் தெரியும், என்னிடமும் செய்வார். "பொய் சொல்லலை, கவனிங்க. அவங்களுக்கு நிஜமாவே அடிச்சுது. ஒண்ணு வேறன்னு மனசு முதல்ல முடிவு பண்ணிடுச்சு, நாக்கு அதுக்குத் தலையாட்டிடுச்சு. அப்போ வெளியிலேர்ந்து வர்றதுதான் அறிவுன்னு சொன்னோமே, இது எங்கேர்ந்து வந்துது?"

யாரோ ஒரு பெண் சொன்னாள்: "பாவம் சார் அவங்க."

"பாவம்தான். ஆனா எவ்வளவு அழகான உதாரணம் பாருங்க."

எனக்கு முதலில் கோபம் வரவில்லை. இவ்வளவு விவரமாக இவருக்கு எப்படித் தெரியும் என்று மடத்தனமாக யோசித்தேன். நான்தானே சொன்னேன்! கையை ஆட்டி ஆட்டி, உறிஞ்சிக் காட்டி. அப்புறம்தான் காது அடைத்தது. கண்ணாடியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் படியிறங்கினேன். எந்தத் தெரு வழியாகக் கம்பெனிக்குப் போனேன் என்று இப்போது கேட்டாலும் தெரியாது.

ருசி அறையில் சின்ன நாக்கு கெண்டியோடு நின்றுகொண்டிருந்தார். மேஜையில் மூன்று கப்.

"மூணும் ஒண்ணா?" என்றேன்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. கெண்டியைக் கீழே வைத்தார். கப் கழுவுகிற அம்மா சத்தமில்லாமல் வெளியே போனார். ஆக, அந்த அம்மாவுக்கும் தெரியும்.

"மேனேஜருக்கு?"

"தெரியும்க்கா."

"அப்ப நான் சரின்னு சொன்ன மூட்டையெல்லாம்?"

"நீங்க போனப்புறம் நான் ஒரு தடவை பார்த்துதான் அனுப்பினேன்." தலை நிமிராமலே சொன்னார். "எனக்கு இது பிடிக்கலக்கா. சார்தான் வந்து பேசினாரு. நேரா சொன்னா தாங்க மாட்டாங்க, முதல்ல நிச்சயம் பண்ணிக்கலாம், அப்புறம் நானே பக்குவமா சொல்றேன்னாரு. உங்க வீட்டுக்காரரே சொல்லும்போது நான் என்னத்தச் சொல்றது?"

"எத்தனையோ வருஷம் இந்த மேஜைல என் எதிர்ல நின்னிருக்கியே. 'அக்கா, உங்களுக்கு மோப்பம் இல்ல'ன்னு ஒரு வார்த்தை. அதுக்கா உனக்கு நாக்கு எழும்பல?"

"உங்க நல்லதுக்குத்தான்க்கா."

"என் நல்லதுக்கு, எனக்குத் தெரியாம, என்னை வெச்சே. நல்லா இருக்குடா தம்பி." அதுவரை அவரை ஒரு நாளும் டா போட்டதில்லை.

ஆனாலும் எனக்கு நம்பிக்கை விடவில்லை. கேன்டீனிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழம் வாங்கிவரச் சொன்னேன். ருசி அறைக்குள் ஆரஞ்சு கொண்டுவருவது எங்கள் சட்டப்படி கொலைக்குற்றம். அவர் தோலை உரித்து என் மூக்கருகில் பிடித்தார். பளீரென்று வந்தது மணம். கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும் அளவுக்கு வந்தது.

"இருக்குடா! பாரு, இருக்கு!"

அவர் தோலைக் கீழே இறக்கினார். பிறகு மெதுவாக, "கண்ணை மூடிக்குங்கக்கா," என்றார்.

மூடிக்கொண்டேன். காத்திருந்தேன். "கொண்டா," என்றேன்.

"பிடிச்சுட்டுதான் இருக்கேன்."

இருட்டில் ஒன்றுமே இல்லை. வெறும் காற்று உள்ளே போய் வெளியே வந்தது. கண்ணைத் திறந்தேன். உதட்டுக்குப் பக்கத்தில் ஆரஞ்சுத் தோல், உடனே மணம் பாய்ந்துகொண்டு வந்தது. மூடினேன், போய்விட்டது. குழந்தை விளக்கைப் போட்டுப் போட்டு அணைப்பதுபோல் திறந்து திறந்து மூடினேன். ஆரஞ்சு எனக்குள் இருந்தே வந்துகொண்டிருந்தது. வெளியே இருந்த ஆரஞ்சுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை. காய்ச்சலுக்குப் பிறகு ஒரு காலை மேஜையைப் பிடித்துக்கொண்டு நான் அழுத அந்த மணமும் இதே கதைதான்.

இனி இந்த வேலை இல்லை என்பதுகூட எனக்கு அப்போது உறைக்கவில்லை. எதிரே நிற்கிற மனிதர்கள் எல்லோரும் பார்க்க, நான் மட்டும் நடுவில் நின்று இல்லாத புகைக்கும் இல்லாத ஈரத்துக்கும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தேனே, அதை நினைத்துக் கூசிப்போனேன். மேனேஜர் அறைக்குள் நான் போகவில்லை. பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் அவர் வந்தார். கண்ணாடி போட்டிருந்தார். அதனால் நான் வந்துவிட்டுப் போனது அவருக்குத் தெரிந்திருந்தது. செருப்பைக் கழற்றிய வேகத்திலேயே தெரிந்தது. நேராக அடுப்படிக்குப் போய் டீ போட்டார். குற்றம் செய்தவர்களுக்கு ஏதாவது கைவேலை வேண்டியிருக்கும்.

கப்பை என் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். நான் கேட்டேன்: "எப்ப தெரிஞ்சுது?"

"பால் அடிப்பிடிச்சு வீடே நாறின அன்னைக்கு. நீ பக்கத்துலயே உட்கார்ந்து பேப்பர் படிச்சுட்டிருந்த."

"அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நம்பியிருப்பியா? நீயே எத்தனை தடவை சொல்லியிருக்க, அடுத்தவன் நாக்கை நம்பி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்னு. பேச்சால உன்னை நம்ப வைக்க முடியாது. அனுபவத்தாலதான் முடியும்னு நினைச்சேன்."

"அனுபவமா? எனக்கு நீங்க கொடுத்தது பொய் கப். அதுல என்ன அனுபவம் வரும்? சரி, பரீட்சையே வெச்சீங்க. முடிவை யார்கிட்ட சொல்லணும்? என்கிட்டயா, வகுப்புலயா?"

"பேர் சொல்லலியே," என்றார் அவர். எவ்வளவு படித்த மனிதர்!

"பேர் சொல்லாட்டி அது நான் இல்லைன்னு ஆயிடுமா? 'பாவம் சார்'னு ஒரு பொண்ணு சொன்னாளே, அவ யாரைப் பார்த்துப் பாவப்பட்டா? இங்க வந்து கன்னத்துல கை வெச்சுக்கிட்டு உட்கார்ந்து கதை கேட்டீங்களே. நான் உங்களுக்கு என் மேல ஆசை வந்திருக்குன்னு நினைச்சுட்டேன். பாடத்துக்குக் குறிப்பு எடுத்துட்டிருந்திருக்கீங்க."

"அப்படி இல்ல. முதல்ல உனக்காகத்தான் ஆரம்பிச்சேன். சத்தியமா அக்கறைதான். போகப்போக..." என்று இழுத்தார். போகப்போக என்ன ஆயிற்று என்று அவரால் சொல்ல முடியவில்லை. எனக்குத் தெரியும். போகப்போக அது சுவாரசியமாகிவிட்டது.

"உள்ளே என்ன இருக்குன்னு எவனும் பார்த்ததில்ல, வாசலுக்கு வந்து சேர்றதுதான் நமக்குத் தெரியும்னு நீங்கதானே சொல்வீங்க? உங்க அக்கறை உள்ளே இருந்திருக்கலாம். என் வாசலுக்கு வந்து சேர்ந்தது உங்க வகுப்போட சிரிப்பு."

 இந்த ஒரு தடவை சபாஷ் வரவில்லை. அவர் பார்வை என் முகத்திலிருந்து நழுவி அலமாரியில் இருந்த தூள் டப்பாவுக்குப் போய்த் திரும்பியது. ஒரு கணம்தான். வருஷக்கணக்கில் சேர்ந்து வாழ்ந்தால் அது போதும்.

"அந்த டப்பால என்ன இருக்கு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கேக்கறேன்ல? என் தூள்தானே?"

"கடைல வாங்கினது," என்றார் மெதுவாக. "சாதாரணத் தூள். உனக்குத் தெரியுதான்னு பார்க்கத்தான்... அப்புறம் மாத்தி வைக்க மறந்துட்டேன்."

வேலையில் ஏமாந்ததைத் தாங்கிக்கொண்டேன். வகுப்பில் சிரித்ததைக்கூட எப்படியாவது ஒரு நாள் தாங்கியிருப்பேன். இந்த ஒரு கப், நான் துப்பாமல் குடித்த ஒரே கப், அதையும் விட்டுவைக்கவில்லையே! "இது எப்படி இருக்கு?" என்று அவர் கேட்ட மாலைகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. நான் விழுங்கிவிட்டுச் சிரித்த சிரிப்பும் ஞாபகம் வந்தது.

கப்பை எடுத்து ஒரு வாய் உறிஞ்சினேன். சூடு இருந்தது. கொஞ்சம் கசப்பும், சர்க்கரையும் தெரிந்தன. அவை மட்டும் இன்னும் என்னிடம் இருந்தன.

"சர்க்கரை போதுமா?" என்று கேட்டார். பழக்கதோஷம்.

நான் கையால் பொறுங்கள் என்று காட்டிவிட்டு எழுந்தேன். வாயில் டீயோடு அடுப்படிக்குப் போய், தொட்டியில் குனிந்து, வேலையில் துப்புவது மாதிரியே ஒரே வீச்சில் துப்பினேன். கப்பில் மிச்சமிருந்ததையும் கொட்டிக் கழுவிக் கவிழ்த்தேன். அவர் அடுப்படி வாசலில் வந்து நின்றிருந்தார்.

"நம்ம சண்டைல நீங்க ஜெயிச்சுட்டீங்க," என்றேன். "இத்தனை வருஷமா இனிப்பு உங்ககிட்ட இருக்குன்னு நினைச்சுட்டேன். அது என் நாக்குலதான் இருந்திருக்கு."